வெளிநாட்டு ஆட்களோடு நடத்தும் சிறு வியாபாரம்: எங்கே பிசகினால் எதைப் பார்ப்பது

திருகோணமலைப் பக்கத்தில் மூன்று வியாபாரங்களை எடுங்கள். நிலாவெளியில் எட்டு அறை விடுதி. உட்துறைமுக வீதியில் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம். ஓர்ஸ்ஹில்லில் வீட்டு மேசையில் இருந்தே கனடாக் கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கும் இரண்டு பேர். மூன்று இடத்திலும் வேலையில் ஒரு பங்கை பிலிப்பைன்ஸின் செபுவிலோ கென்யாவின் நைரோபியிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவர் செய்யலாம். அப்படிச் செய்யத் தொடங்கினால் வருகிற பிழைகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிழை தேடும்போது இந்த வரிசையில் போங்கள்: முதலில் நேரம், பிறகு நீங்கள் எழுதிக் கொடுத்த வேலை, பிறகு காசு, கடைசியில் ஆள். பலர் தலைகீழாகத் தொடங்கி முதலில் ஆளை மாற்றுகிறார்கள். அதே பிழை புது ஆளிடமும் வரும். உங்கள் வேலை பழகிய ஒருவரை இழந்ததுதான் மிச்சம்.

அறிகுறி: விடிய எழும்பிப் பார்த்தால் வேலை நடக்கவில்லை, ஒரு கேள்வி மட்டும் கிடக்கிறது

“எந்த லோகோவைப் போடுவது, பழையதா புதியதா?” என்று ஒரு வரி. அதற்குப் பதில் இல்லாததால் ஆறு மணி நேரம் வீண். ஆள் சோம்பேறி இல்லை. அவர் கேட்ட நேரம் உங்களுக்கு நித்திரை நேரம்.

முதலில் எல்லாரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் மணிகளைக் கண்டுபிடியுங்கள். திருகோணமலையில் பிற்பகல் 1.30 என்றால் நைரோபியில் முற்பகல் 11.00, மணிலாவில் மாலை 4.00, லண்டனில் குளிர்காலத்தில் காலை 8.00, கோடையில் 9.00. ஆகவே 1.30 முதல் 3.30 வரை மூன்று இடத்துக்கும் பொது நேரம். மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்கு முன்னரே முடித்துவிட்டு அந்த இரண்டு மணி நேரத்தையும் பதில் சொல்வதற்கு மட்டும் ஒதுக்குங்கள். வங்கிக்குப் போவதையும் சாமான் எடுக்கப் போவதையும் காலைக்கு மாற்றுங்கள்.

அடுத்ததாக, ஒவ்வொரு வேலைத்தாளின் (வேலையைப் படிப்படியாக எழுதிக் கொடுக்கும் தாள்) கீழும் ஒரு வரி சேருங்கள்: “30 நிமிடத்தில் எங்களிடம் இருந்து பதில் வராவிட்டால் இதைச் செய்யுங்கள்.” லோகோ என்றால் புதியதைப் போடட்டும், பிழையென்றால் மாற்றலாம். விலை சொல்வது, காசைத் திருப்பிக் கொடுப்பது, வாடிக்கையாளரின் முன்பதிவை இரத்துச் செய்வது ஆகிய மூன்றும் மட்டும் உங்கள் சொல் இல்லாமல் நடக்கக்கூடாது. மற்றதெல்லாம் ஓடட்டும். பிழையானாலும் திருத்தலாம், தேங்கி நின்றால் ஒரு நாள் போய்விடும்.

அறிகுறி: எல்லாம் ஒழுங்காக ஓடியது, மார்ச் மாதத்தில் கோல்கள் ஒரு மணி நேரம் பிசகுகின்றன

இலங்கை, இந்தியா, பிலிப்பைன்ஸ், கென்யா ஆகிய நாடுகளில் ஆண்டு முழுக்க ஒரே நேரம். ரொறன்ரோவில் மணிக்கூடு மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் ஒரு மணி நேரம் மாறும். லண்டனிலும் ஜேர்மனியிலும் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். மார்ச்சில் இரண்டு மூன்று கிழமை, இலையுதிர்காலத்தில் ஒரு கிழமை, ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே வேறாகிவிடும். பிசகு நடப்பது அந்த இடைவெளியில்தான்.

திருத்துவது சுலபம். கூகுள் கலண்டரில் கூட்டத்தைப் பதியும்போது நேர வலயத்தைக் கொழும்பு என்று விடாமல் வாடிக்கையாளரின் ஊரைப் போடுங்கள். ரொறன்ரோ காலை 9.00 என்று பதிந்தால் குளிர்காலத்தில் உங்களுக்கு மாலை 7.30க்கும் கோடையில் 6.30க்கும் அது தானாக வந்து நிற்கும். மணிலாவில் இருப்பவருக்கும் அதே அழைப்புப் போகட்டும். வாயால் நேரம் சொல்லவே வேண்டாம்.

அறிகுறி: “விளங்கியது” என்கிறார், வேலை பிழையாக வருகிறது

இதில்தான் காசும் பெயரும் கூடுதலாகப் போகின்றன. அதனால் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

“விளங்கியதா?” என்று கேட்டால் நம்மூரிலும் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். பிலிப்பைன்ஸில் முதலாளியிடம் அப்படிச் சொல்வது இன்னும் கூச்சம். எனவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, “முதல் மூன்று படியை உங்கள் சொல்லில் எழுதி அனுப்புங்கள், பிறகு தொடங்குங்கள்” என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. பிழையான விளக்கம் வேலைக்கு முன்னரே வெளியே வந்துவிடும்.

திகதி. இலங்கையில் 05/06 என்றால் ஜூன் 5. பிலிப்பைன்ஸில் அமெரிக்க முறையில் அது மே 6. கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் பருவம். நிலாவெளி விடுதிகள் நிரம்புகிற மாதங்கள். ஜூன் 5க்கு அறை கேட்ட குடும்பத்துக்கு மே 6 என்று உறுதிப்படுத்தல் போனால், அவர்கள் பெட்டியோடு வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். இந்தப் பிழைக்கு அறிகுறி ஒன்று உண்டு: மாதத்தின் 12ஆம் திகதிக்குப் பிந்திய பதிவுகள் எல்லாம் சரியாக இருக்கும், 12க்கு உட்பட்டவை மட்டும் பிசகும். அப்படிக் கண்டால் வேறெங்கும் தேடாதீர்கள்.

செய்ய வேண்டியது: கூகுள் ஷீட்டில் கோப்பு, அமைப்புகள் என்று போய் நாட்டைப் பிரித்தானியாவுக்கு மாற்றுங்கள். திகதி நிரலை 2026-06-05 என்று ஆண்டு முன்னால் வரும் வடிவத்துக்கு மாற்றுங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் மாதத்தை எண்ணால் எழுதவே வேண்டாம், பெயரால் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே பதிந்தவற்றில் நாள் எண் 12க்கு உட்பட்ட எல்லா வரியையும் மூல மெயிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அரை நாளில் முடியும்.

தொலைபேசி இலக்கம். 077இல் தொடங்கும் எண்ணை ஷீட்டில் அடித்தால் முன்னாலுள்ள பூச்சியம் காணாமல் போகும். நிரலை முதலிலேயே வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டு, 94 சேர்த்து எழுதும்படி சொல்லுங்கள்.

பெயர். தமிழ் ஆட்களின் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து தகப்பன் பெயரின் முதலெழுத்து என்பது மணிலாவில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த எழுத்தை முதற்பெயராகவும் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகவும் பதிந்துவிடுவார். விடுதியில் அது சின்னப் பிழை, விமானச் சீட்டில் அது பயணம் கெடுகிற பிழை. “கடவுச்சீட்டில் உள்ளபடி குடும்பப் பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடி மற்றப் பெயர்” என்று இரண்டு கட்டம் வையுங்கள்.

வேலைத்தாள் எழுதும் முறைக்கும் ஒரு அளவு சொல்லலாம். ஒரு வேலைக்கு ஒரு பக்கம், ஏழெட்டுப் படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டுங்கள். கடைசியில் “சரியாக முடிந்தது எப்படி இருக்கும்” என்பதற்கு ஒரு மாதிரி, “இப்படி இருந்தால் பிழை” என்பதற்கு ஒரு மாதிரி. பிழை மாதிரியைப் பலர் வைப்பதில்லை. புது ஆட்கள் அதில் இருந்துதான் கூடுதலாகப் படிக்கிறார்கள். தாளை எழுதி முடித்ததும் அந்த வேலை தெரியாத ஒருவரிடம், வீட்டில் ஓ.எல் படிக்கும் பிள்ளையிடம் என்றாலும், கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு படி குறைகிறது.

அறிகுறி: அனுப்பிய காசு குறைந்து போய்ச் சேர்கிறது, அல்லது சுணங்குகிறது, அல்லது திரும்பி வருகிறது

ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறு. தனித்தனியாகப் பாருங்கள்.

குறைந்து போனால்: வங்கிப் படிவத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு இடம் இருக்கும். ‘ஓயூஆர்’ (OUR) என்றால் முழுக்க அனுப்புபவர், ‘எஸ்எச்ஏ’ (SHA) என்றால் இருவருக்கும் பங்கு, ‘பென்’ (BEN) என்றால் பெறுபவர். ஒன்றும் சொல்லாவிட்டால் பங்கு முறையில் போவதுதான் வழக்கம். இடையில் நிற்கும் வங்கியும் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும், அங்கே பெறும் வங்கியும் எடுக்கும். 240 டொலர் பேசியவருக்கு 215 போனால் அவர் உங்களைத்தான் நினைப்பார். அடுத்த தடவை ‘ஓயூஆர்’ கேளுங்கள். குறைந்த தொகையை அந்த மாதமே ஈடு செய்யுங்கள். கட்டணம் தொகை சிறிதென்று குறைவதில்லை. கிழமைக்கு 60 டொலராக நான்கு தடவை அனுப்பினால் கட்டணமும் நான்கு தடவை. முதல் மாதம் மட்டும் நம்பிக்கைக்காக இரண்டாகப் பிரியுங்கள், பிறகு மாதம் ஒரு தடவை போதும்.

சுணங்கினால்: டொலர் பெரும்பாலும் நியூயோர்க் வங்கி ஒன்றின் ஊடாகப் போகும். அங்கே காலை 9.00 என்றால் திருகோணமலையில் மாலை 6.30 அல்லது 7.30. வெள்ளி பிற்பகல் கொடுத்த காசு திங்கள்வரை நிற்கும். இடையில் போயா விடுமுறையும் வந்தால் இன்னும் இழுபடும். சம்பள நாளுக்கு நான்கு வேலைநாள் முன்னதாக, செவ்வாய் அல்லது புதன் காலையில் வங்கிக்குப் போங்கள்.

வங்கியே கேள்வி கேட்டு நிறுத்தினால்: வெளிநாட்டுச் சேவைக்குக் காசு அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அனுமதிபெற்ற வங்கி ஊடாகச் செய்யக்கூடியதுதான். ஆனால் எதற்கான காசு என்று நீங்கள் காட்ட வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: இரண்டு பேரும் ஒப்பமிட்ட ஒப்பந்தம், அந்த மாத இன்வொய்ஸ், கடவுச்சீட்டுப் பிரதி, உங்கள் வியாபாரப் பதிவு, வரி இலக்கம். இன்வொய்ஸில் “உதவி” என்று எழுதாமல் “ஜூன் மாத முன்பதிவுப் பதில் சேவை, 60 மணி” என்று வேலையையும் மணியையும் எழுதச் சொல்லுங்கள். கிளையில் ஒரே அதிகாரியிடம் போவது நல்லது. அவருக்கு உங்கள் வியாபாரம் விளங்கிவிட்டால் மாதாமாதம் முதலில் இருந்து விளக்க வேண்டியிராது. நிறுத்திவைத்தல் வரி (கொடுக்கும் காசில் இருந்தே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டுமா என்பதையும் முதல் கொடுப்பனவுக்கு முன்னரே வரி ஆலோசகரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிறகு தெரியவந்தால் அந்தத் தொகை உங்கள் கையில் இருந்துதான் போகும்.

திரும்பி வந்தால்: பெயர்தான். பிலிப்பைன்ஸ்காரரின் நடுப்பெயர் தாயின் குடும்பப் பெயர். வட்ஸ்அப்பில் அதைப் போடமாட்டார், வங்கிக் கணக்கில் இருக்கும். கணக்குப் புத்தகத்தின் முன்பக்கப் படத்தைக் கேட்டு அதில் உள்ளபடி எழுதுங்கள். வங்கியை அடையாளம் காட்டும் சுவிஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்து. ஐபான் (சில நாடுகளில் பாவிக்கும் சர்வதேச வங்கிக் கணக்கு இலக்கம்) என்ற கட்டம் பிலிப்பைன்ஸுக்கும் கென்யாவுக்கும் தேவையில்லை. ஜேர்மனிக்கும் பிரித்தானியாவுக்கும் 22 எழுத்து, ஒன்று குறைந்தாலும் திரும்பிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாவில் உழைத்து டொலரில் சம்பளம் கொடுத்தவர்களுக்கு இரண்டு மாதத்தில் செலவு முக்கால் பங்குக்கு மேல் கூடியது. வெளிநாட்டு ஆளை எடுப்பதற்கு முன்னர் வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பிடியுங்கள். வரும் டொலரை வியாபார வெளிநாட்டு நாணயக் கணக்கில் விட்டு, மூன்று மாதச் சம்பளம் அங்கேயே நிற்கும்படி பாருங்கள். அது நிற்காவிட்டால் இரண்டாவது ஆளை எடுக்க வேண்டாம்.

அறிகுறி: கோல் நடுவில் அறுகிறது, மழைக்காலத்தில் கூடுதலாக

கரண்டா, லைனா என்று பிரித்துப் பாருங்கள். ரவுட்டர் விளக்குகள் எல்லாம் ஒருசேர அணைந்து எரிந்தால் மின் பிரச்சினை. விளக்கு எரிந்தபடி இணையம் மட்டும் போனால் லைன். அடப்டரைக் கையால் அசைத்தால் அணைகிறது என்றால் முனையைக் கழற்றிப் பாருங்கள். உப்புவெளி போன்ற கரையோரத்தில் உப்புக்காற்று பட்டு அதில் பச்சை பிடித்திருக்கும். துடைத்தால் சில நாள் ஓடும், புது அடப்டர் வாங்குவதே நல்லது.

ரவுட்டரின் அடியிலுள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட். ஃபைபர் என்றால் சுவரில் உள்ள பெட்டிக்கும் தனி அடப்டர் இருக்கலாம். இரண்டையும் தாங்கும் சிறிய 12 வோல்ட் டிசி யூபிஎஸ் ஒன்று கரண்ட் போனாலும் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டும். கணனிக்குப் பெரிய யூபிஎஸ் வாங்கிவிட்டு ரவுட்டரை மறப்பவர்கள் பலர். கையில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று டேட்டாவோடு இருக்கட்டும். படத்தை நிறுத்திக் குரல் மட்டும் விட்டால் வினாடிக்கு 100 கிலோபிட் போதும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இங்கே மழைக்காலம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது. அப்படி ஒரு நாளில் நீங்கள் கதைக்க முடியாமல் போகும், போகத்தான் செய்யும். “திருகோணமலை 24 மணி நேரம் பேசாவிட்டால்” என்று ஒரு தாள் எழுதி ஒக்டோபரிலேயே எல்லாருக்கும் கொடுங்கள்: யார் பொறுப்பு, வாடிக்கையாளருக்கு என்ன வசனம், என்னென்ன வேலையைத் தொடலாம்.

அறிகுறி: நல்ல ஆள், திடீரென்று பதிலே இல்லை

முதல் நாள் கோபப்பட வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை பிலிப்பைன்ஸில் சூறாவளிக் காலம். அந்த ஊர் வானிலையைப் பாருங்கள். அடுத்ததாக உங்கள் வங்கிப் பதிவைப் பாருங்கள், கடைசிக் காசு போய்ச் சேர்ந்ததா என்று. அனுப்பினோம் என்பது வேறு, சேர்ந்தது என்பது வேறு.

டிசம்பரில் நடந்தால் இன்னொரு காரணம் இருக்கலாம். பிலிப்பைன்ஸில் 1975ஆம் ஆண்டின் 851ஆம் இலக்க ஜனாதிபதி ஆணைப்படி ஊழியர்களுக்கு 13ஆம் மாதச் சம்பளம் டிசம்பர் 24க்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்த அடிப்படையில் உங்களுக்கு வேலை செய்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் எதிர்பார்ப்பு இருக்கும். அவர் வாய் திறந்து கேட்கமாட்டார், ஜனவரியில் வேறு இடம் போய்விடுவார். நம்மூரில் தீபாவளிக்குக் கடைப் பொடியனுக்கு உடுப்பும் காசும் கொடுக்கிறோமே, அதைப் போலத்தான். ஆண்டுச் செலவை 12 மாதமாகக் கணக்கிடாமல் 13 மாதமாகக் கணக்கிடுங்கள்.

அறிகுறி: ஆள் போனார், கையோடு கணக்குகளும் போயின

வட்ஸ்அப் பிஸ்னஸ் இலக்கம் அவர் சிம்மில், இணையத்தளப் பெயர் அவர் மெயிலில், முன்பதிவு ஷீட் அவர் ட்ரைவில். இது வந்த பிறகு திருத்துவது கடினம், வருமுன் தடுப்பது ஒரு மணி நேர வேலை.

1. வட்ஸ்அப் இலக்கம் கடையில் இருக்கும் போனில், வியாபாரத்தின் சிம்மில் இருக்க வேண்டும். வெளிநாட்டு ஆட்களை இணைத்த சாதனமாகச் சேருங்கள். நான்கு வரை சேர்க்கலாம். முதன்மைப் போனை 14 நாளுக்கு மேல் திறக்காவிட்டால் இணைப்புகள் அறுந்துவிடும், கிழமைக்கு ஒரு தடவையாவது திறவுங்கள்.
2. கூகுள் ட்ரைவில் உங்கள் ஃபோல்டருக்குள் அவர் உருவாக்கினாலும் கோப்பின் உரிமையாளர் அவர்தான். வெற்றுக் கோப்பை நீங்கள் உருவாக்கிக் கொடுங்கள், அல்லது வியாபாரத்தின் மெயில் முகவரி ஒன்றை அவருக்குத் திறந்து அதில் மட்டும் வேலை செய்யச் சொல்லுங்கள்.
3. இணையத்தளப் பெயரின் பதிவு உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். ஓடிபி வரும் போன் எது என்று எல்லாக் கணக்குக்கும் எழுதி வையுங்கள்.
4. பாஸ்வேர்டுகளை வட்ஸ்அப்பில் அனுப்பாமல் பாஸ்வேர்ட் மனேஜர் ஒன்றில் பகிருங்கள். ஆள் போகும் அன்றே அங்கே அவருடைய அனுமதியை நிறுத்தி, பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள்.

விடுதி வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். விருந்தினரின் கடவுச்சீட்டுப் படத்தை வேலைக் குழுவில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; சட்டம் இல்லாவிட்டாலும், நம்பித் தந்த ஒருவரின் ஆவணம் ஐந்து பேரின் போனில் கிடக்கக்கூடாது.

அறிகுறி: ஆட்கள் கூடினார்கள், வேலை கூடவில்லை

மூன்று பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் கதைக்கும் வழி மூன்று. ஆறு பேர் என்றால் பதினைந்து. நாலாவது, ஐந்தாவது ஆள் வந்ததும் உங்கள் நாள் முழுக்கப் பதில் சொல்வதிலேயே போகும். ஒரு கிழமை வருகிற கேள்விகளை எண்ணி எழுதுங்கள். ஒரே கேள்வி மூன்று தடவை வந்தால் அது வேலைத்தாளில் இல்லாத படி. நீங்கள் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகள் நாளுக்குப் பத்தைத் தாண்டினால் உங்களுக்குத் தேவை இன்னொரு வெளிநாட்டு ஆள் இல்லை, திருகோணமலையிலேயே ஒரு ஒருங்கிணைப்பாளர்.

நிலாவெளி கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல், வியாபாரக் கற்கைகள் படித்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழில் வாடிக்கையாளரோடும் ஆங்கிலத்தில் மணிலாவோடும் கதைக்கக்கூடிய ஒருவருக்கு இங்கேயே வேலை கிடைத்தால் அவரும் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்று சேர்த்துக் கணக்குப் பாருங்கள். அவர் சம்பளத்தில் இருந்து பிடிப்பது 8 வீதம். தேர்ந்தெடுக்கும்போது நேர்முகத்தை நம்பாமல், காசு கொடுத்து ஐந்து மணி நேர உண்மை வேலை ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள்: மணிலாவில் இருந்து வந்த குழப்பமான ஐந்து கேள்விகளுக்குப் பதிலும், ஒரு வேலைத்தாளும். எழுத முதல் அவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தவரை எடுக்க வேண்டாம்.